ட்யூப் போடுறதுக்கு முன்னாடி எந்த மாஸ்க்? அதையும் செக்லிஸ்ட்ல எழுதுங்க

எமர்ஜென்சியையும் ஐசியூவையும் நடத்துற சீஃப் டாக்டர்களுக்கும், இன்டுபேஷன் (மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் போடறது) செக்லிஸ்ட் தயார் பண்ற கமிட்டில இருக்கறவங்களுக்கும் வணக்கம்.

நான் ஐசியூ நர்ஸ். ட்யூப் போடுறது நீங்க, அதுக்கு முன்னாடி மாஸ்க்கப் புடிச்சுகிட்டு மானிட்டரப் பாத்துகிட்டு நிக்கிறது நாங்க, அதனால இந்த விஷயத்துல எங்களுக்கும் சொல்ல கொஞ்சம் இருக்கு சார். நேரா விஷயத்துக்கே வந்துடறேன். ரொம்ப சீரியஸா இருக்கற பேஷன்ட்டுக்கு அவசரமா ட்யூப் போடறப்ப, முன்னாடி ஆக்ஸிஜன எதுல குடுக்கறதுங்கறத அந்த நிமிஷத்துல கைக்கு எது கிடைக்குதோ அதுதான் இப்போ முடிவு பண்ணுது. அது மாறணும். என்ஐவி, அதாவது ட்யூப் இல்லாம இறுக்கமான மாஸ்க் வழியா மெஷின் அழுத்தத்தோட காத்து குடுக்கறது, வார்டுல எல்லாரும் பைபேப்னு சொல்றது, அதுதான் முதல் சாய்ஸ்னு செக்லிஸ்ட்லயே போடுங்க, யாருக்கு அது கூடாதுங்கறதயும் பக்கத்துலயே போடுங்க, மெஷினும் மாஸ்க்கும் கூப்பிட்ட உடனே வர்ற தூரத்துல இருக்கட்டும். இவ்ளோதான் கேக்கறேன். ஏன்னு கீழ எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

இப்ப இருக்கற செக்லிஸ்ட எடுத்துப் பாருங்க. ப்ளேடு சைஸ் இருக்கு, ட்யூப் சைஸ் இருக்கு, கஃப் செக் பண்ணியாச்சா, சக்ஷன் ஓடுதா, எந்த மருந்து எவ்ளோ டோஸ், பூஜி எங்க, முதல் தடவ போகலன்னா அடுத்து என்னனு எல்லாம் வரிசையா இருக்கும். நடுவுல ஒரே ஒரு வரி, "ப்ரீஆக்ஸிஜனேஷன்", அதாவது ட்யூப்புக்கு முன்னாடி ஆக்ஸிஜன் ஏத்தறது, பக்கத்துல டிக் போட ஒரு கட்டம். எதுல குடுத்தோம், எத்தன நிமிஷம் குடுத்தோம், மாஸ்க் சரியா ஒட்டிருந்துச்சா, ஒண்ணும் கிடையாது. அதனால என்ன ஆகுதுன்னா, பேஷன்ட் ஏற்கனவே என்ஆர்பி மாஸ்க்ல (பை வச்ச சாதா ஆக்ஸிஜன் மாஸ்க்) இருப்பாரு, அதே மாஸ்க்ல ஃப்ளோமீட்டர 15 லிட்டருக்கு ஏத்திட்டு டிக் போட்டுடுவோம். மூச்சு வாங்கிட்டு கிடக்கறவரு நிமிஷத்துக்கு 15 லிட்டர விட ரொம்ப அதிகமா காத்த இழுப்பாரு, என்ஆர்பியோட பை ஒவ்வொரு மூச்சுக்கும் சப்பையாகி ஒட்டிக்கும், மிச்ச காத்து மாஸ்க்கோட ஓரத்துல இருந்து ரூம் காத்தாதான் உள்ள போகும். நாம குடுக்கறது 100 சதவீத ஆக்ஸிஜன்னு நெனச்சுக்கறோம், உள்ள போறது அதுக்கு ரொம்பக் கீழ. பை சப்பையா ஆகுதானு ஒரு தடவ குனிஞ்சு பாத்தாலே தெரிஞ்சிடும், ஆனா அந்த நேரத்துல எல்லார் கண்ணும் மருந்து சிரிஞ்ச் மேலதான் இருக்கும்.

வேற மெஷினே இல்லாத எடத்துல ஃப்ளோமீட்டர 15ல நிறுத்தாம குமிழ முழுசாத் தொறந்து விட்டா கொஞ்சம் பரவால்ல, நல்ல உடம்பு இருக்கற வாலண்டியர்கள வச்சு பாத்தப்ப அது வேல செய்யுதுன்னு காட்டிருக்காங்க. ஆனா நம்ம பேஷன்ட்டுக்கு நல்ல உடம்பு இல்லயே சார்.

எதுக்கு ட்யூப் போடறதுக்கு முன்னாடி ஆக்ஸிஜன் குடுக்கறோம்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா இந்த மடல படிக்கற ஜூனியர்ஸ், புது நர்ஸ் எல்லாருக்கும் சேத்து சொல்றேன். ஒரு பெரியவருக்கு சாதாரணமா மூச்ச வெளிய விட்டதுக்கப்புறமும் நுரையீரல்ல சுமார் ரெண்டர லிட்டர் காத்து மிச்சம் இருக்கும். அதுல பெரும்பகுதி நைட்ரஜன், ஆக்ஸிஜன் அர லிட்டர் கூட சரியா இருக்காது. உடம்பு நிமிஷத்துக்கு சுமார் 250 மில்லி ஆக்ஸிஜன செலவு பண்ணுது. மயக்க மருந்து குடுத்து மூச்சு நின்னுட்டா அந்தக் கையிருப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே தீந்துடும். மூணு நிமிஷம் சுத்தமான ஆக்ஸிஜன மூச்சு விட வச்சு நைட்ரஜன வெளிய தள்ளிட்டா கையிருப்பு ரெண்டு லிட்டருக்கு மேல போகும், நல்ல உடம்பா இருந்தா சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜன் சதவீதம்) 90க்கு வர்றதுக்கு எட்டு நிமிஷம் வரைக்கும் தாங்கும். ஆபரேஷன் தியேட்டர்ல அனஸ்தீசியா டாக்டர் அவசரப்படாம ட்யூப் போடறது இதனாலதான்.

நம்ம கிட்ட வர்றவங்களுக்கு அந்தக் கணக்கே செல்லாது. நிமோனியால பாதி நுரையீரல் கெட்டியாகிப் போயிருக்கும், வயிறு உப்பி மேல தள்ளும், மல்லாக்கப் படுக்க வச்சா இருக்கற எடமும் சுருங்கும், செப்சிஸ்ல காய்ச்சல்ல உடம்பு ஆக்ஸிஜன வழக்கத்த விட வேகமா சாப்பிடும். அதோட முக்கியமான இன்னொண்ணு, மூடிப்போன காத்துப் பைகளத் தாண்டி ஓடற ரத்தம் ஆக்ஸிஜனப் பாக்கறதே இல்ல. ஷன்ட்னு சொல்றோமே அதுதான். மாஸ்க்ல எத்தன லிட்டர் வேணா ஏத்துங்க, அந்தப் பைகளுக்குள்ள காத்தே போகலன்னா என்ன பிரயோஜனம்? அத தொறக்கணும்னா அழுத்தம் வேணும், பீப் வேணும், அதாவது மூச்ச விட்டதுக்கப்புறமும் பைகள மூட விடாம வைக்கற அழுத்தம். 15 லிட்டர்ல இருந்தும் 88ல நிக்கற பேஷன்ட்டு, ஆக்ஸிஜன் பத்தலன்னு சொல்லல, பை தொறக்கலன்னு சொல்றாரு. சாதா மாஸ்க்கால அத செய்யவே முடியாது, பைபேப்பால முடியும்.

ரெண்டாவது காரணம் இன்னும் எளிசு, ஆனா இதத்தான் யாரும் பேசறதில்ல. மருந்து போட்டதுல இருந்து லாரிங்கோஸ்கோப் (தொண்டைய பாத்து ட்யூப் போட உதவற கருவி) வாய்க்குள்ள போற வரைக்கும் ஒரு இடைவெளி இருக்குல்ல, தசை தளர்த்தற ரோக்குரோனியம் முழுசா புடிக்க சுமார் ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷத்துல பேஷன்ட் மூச்சு விடறது கொறஞ்சு நின்னே போயிடும். அப்ப என்ஆர்பி மாஸ்க் முகத்துல சும்மா அலங்காரமா கிடக்கும், ஏன்னா இழுத்தாதான் அதுல இருந்து காத்து போகும். பைபேப்ல பேக்அப் ரேட் (நிமிஷத்துக்கு இத்தன மூச்சு கட்டாயம்னு மெஷின்ல வைக்கறது) வச்சிருந்தா பேஷன்ட் மூச்ச நிறுத்தினதுக்கு அப்புறமும் மெஷின் பாட்டுக்கு குடுத்துகிட்டே இருக்கும், நீங்க வாயத் தொறக்கற வரைக்கும். மானிட்டர் சத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா கனத்துகிட்டே எறங்குமே, 94, 91, 86னு, 90க்குக் கீழ வந்தாச்சுன்னா அப்புறம் சரிவுல உருள்ற மாதிரிதான், ஹீமோகுளோபினோட வளைவே அங்க செங்குத்தா இருக்கு. ரூம்ல யாரும் பேச மாட்டாங்க, எல்லாரும் அந்த சத்தத்தத்தான் கேட்டுகிட்டு இருப்பாங்க, ட்யூப் போடறவர் கையும் லேசா நடுங்க ஆரம்பிக்கும். அந்த ஒரு நிமிஷத்துல மெஷின் ஒரு பத்து மூச்சு குடுத்தா எவ்ளோ வித்தியாசம்னு யோசிங்க.

யோசிச்சா மட்டும் போதாது, ஆதாரம் எங்கனு கேப்பீங்க, கேக்கணும். 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ப்ரீஆக்ஸிங்கற ஆய்வு வந்துச்சு. அமெரிக்கால 24 எமர்ஜென்சி, ஐசியூக்கள்ல 1301 பேஷன்ட்டுகள குலுக்கல் முறைல ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு குறைஞ்சது மூணு நிமிஷம் என்ஐவி, இன்னொண்ணுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க். மருந்து போட்டதுல இருந்து ட்யூப் போட்டு ரெண்டு நிமிஷம் ஆகற வரைக்கும் சாச்சுரேஷன் 85க்குக் கீழ போனவங்க என்ஐவில 9.1 சதவீதம், மாஸ்க்ல 18.5 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. பதினோரு பேருக்கு என்ஐவி குடுத்தா ஒருத்தர அந்தப் பள்ளத்துல விழாம காப்பாத்தறோம்னு கணக்கு. அந்த நேரத்துக்குள்ள கார்டியாக் அரெஸ்ட் ஆனவங்க என்ஐவில ஒருத்தர், மாஸ்க்ல ஏழு பேர். சின்ன எண்ணிக்கைதான், அத வச்சு பெருசா எதையும் நான் கட்டல, உயிர் பொழச்சவங்க கூடினாங்களானு பாக்கறதுக்காகவும் அந்த ஆய்வ நடத்தல. ஆனா செலவு என்ன, ஒரு மாஸ்க்கும் மூணு நிமிஷமும்.

இது தனியா வந்த ஆய்வும் இல்ல. 2006லயே பையார்ங்கற ஃப்ரெஞ்சு டாக்டரோட குழு 53 பேர வச்சு இதே மாதிரி காட்டிருந்தாங்க. 2019ல ப்ரிவென்ட் ஆய்வுல 401 பேர ரெண்டாப் பிரிச்சு, ஒரு குரூப்புக்கு மருந்துக்கும் லாரிங்கோஸ்கோப்புக்கும் நடுவுல ஆம்பு பேக் (கையால அமுக்கி காத்து குடுக்கற பை) அமுக்கி மூச்சு குடுத்தாங்க, அதுல சாச்சுரேஷன் 80க்குக் கீழ போனவங்க 10.9 சதவீதம், அமுக்காம விட்டதுல 22.8. ப்ரீஆக்ஸியும் ப்ரிவென்ட்டும் சொல்றது ஒண்ணுதான், அந்த இடைவெளிய காலியா விடாதீங்க.

ஹை ஃப்ளோ, அதாவது மூக்கு வழியா வேகமா நிறைய ஆக்ஸிஜன் குடுக்கற மெஷின், அது பத்தி ரெண்டு வார்த்த, ஏன்னா கோவிடுக்கு அப்புறம் எல்லா எடத்துலயும் அந்த மெஷின் வந்துடுச்சு, எடுத்து மாட்டறதும் சுலபம், பேஷன்ட்டுக்கும் இதம். ஃப்ரான்ஸ்ல ஃப்ளோராலி-2னு 2019ல வந்த ஆய்வு, 28 ஐசியூ, 313 பேர், என்ஐவியயும் ஹை ஃப்ளோவயும் ஒப்பிட்டது. மொத்தமாப் பாத்தா சாச்சுரேஷன் 80க்குக் கீழ போனவங்க என்ஐவில 23, ஹை ஃப்ளோல 27 சதவீதம், பெருசா வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா ஏற்கனவே ஆக்ஸிஜன் ரொம்ப கம்மியா இருந்தவங்கள மட்டும் எடுத்தா என்ஐவில 24, ஹை ஃப்ளோல 35. ஹை ஃப்ளோவோட நல்ல விஷயம் என்னன்னா லாரிங்கோஸ்கோப் உள்ள இருக்கறப்பவும் மூக்குல அப்படியே விட்டுடலாம். அதனால என்ஐவி மாஸ்க் ஒத்துக்காத பேஷன்ட்டுக்கு அது ரெண்டாவது சாய்ஸ், பழைய மாஸ்க்குக்குத் திரும்பிப் போறத விட நல்லது. இது என் அபிப்பிராயம், வேற மாதிரி நெனக்கறவங்க இருக்கலாம்.

இப்ப எதிர்வாதத்துக்கு வர்றேன். ரவுண்ட்ஸ்ல நான் இத எடுத்தா மொதல்ல வர்றது, "வயித்துல காத்து போயிடும்மா, வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிடும்". பயம் நியாயமானதுதான். ஆனா ப்ரீஆக்ஸில ஆஸ்பிரேஷன், அதாவது அப்படி நுரையீரலுக்குள்ள போறது, என்ஐவில 0.9 சதவீதம், மாஸ்க்ல 1.4. கூடல. ப்ரிவென்ட்லயும் ஆம்பு அமுக்கினவங்களுக்கு கூடல. அழுத்தம் 20 சென்டிமீட்டர் தண்ணிக்குக் கீழ இருந்தா காத்து வயித்துக்குள்ள போறது கம்மி, இங்க நாம வைக்கப் போறது அதுக்கு ரொம்பக் கீழ. அந்த ஆய்வுல கேட்டதே மூச்சு உள்ள போறப்ப மேல் அழுத்தம் குறைஞ்சது 10, வெளிய வர்றப்ப கீழ் அழுத்தம் குறைஞ்சது 5, ரேட் நிமிஷத்துக்கு குறைஞ்சது 10 மூச்சு, ஆக்ஸிஜன் 100 சதவீதம், அவ்ளோதான்.

ஆனா ஒண்ண மறைக்கக் கூடாது. ஏற்கனவே மூச்சு நின்னு போனவங்க, மூச்சு ரொம்ப மேலாப்புல விடறவங்க, ஒரு நிமிஷம் கூட காத்திருக்க முடியாதவங்க, என்ஐவி கூடாதுன்னு டாக்டரே நெனச்சவங்க, இவங்க யாரும் அந்த ஆய்வுல கிடையாது. அதனால வாந்தி எடுத்துகிட்டே இருக்கறவரு, ரத்த வாந்தி, வாய் மூக்குல இருந்து ரத்தம் கொட்டறவரு, முகம் உடைஞ்சு வந்தவரு, குடல் அடைப்புல வயிறு பானையா இருக்கறவரு, இவங்க முகத்துல இறுக்கமா மாஸ்க்க கட்டுங்கன்னு எந்த ஆய்வும் சொல்லல, நானும் சொல்லல. இந்தப் பட்டியலத்தான் செக்லிஸ்ட்ல அச்சடிக்கணும்னு கேக்கறேன். அது பேப்பர்ல இருந்தா நடுராத்திரி தனியா நிக்கற ஜூனியர் டாக்டர் தைரியமா "இவருக்கு பைபேப் வேண்டாம், ஆம்பு பேக்ல பீப் வால்வ் போடுங்க"னு சொல்லுவாரு, பட்டியல்ல இல்லாத மத்த எல்லாருக்கும் தயங்காம மாட்டுவாரு. இப்ப என்னன்னா வாந்திக்கு பயந்து யாருக்குமே மாட்டறதில்ல, ரத்தம் கொட்டறவருக்கும் நிமோனியாக்காரருக்கும் அதே என்ஆர்பி.

ஆம்பு பேக்னு சொன்னதும் ஞாபகம் வருது, அமுக்காம சும்மா முகத்துல வச்சா போதும்னு பல பேர் நெனக்கறாங்க. பேஷன்ட் தானா மூச்சு விடறப்ப சில பேக்ல வெளிய விடற பக்கத்துல ஒரு வழி வால்வ் இருக்காது, அது வழியா ரூம் காத்து உள்ள வந்துடும். பீப் வால்வ் போட்டா அந்தப் பிரச்சின பெருமளவு தீரும். ரெண்டு கையால ஒருத்தர் மாஸ்க்க இறுக்கிப் புடிக்கணும், இன்னொருத்தர் பேஷன்ட் இழுக்கறப்ப லேசா அமுக்கணும். ஒத்தக் கையால புடிச்சுகிட்டு மறு கையால அமுக்கறது படத்துல நல்லா இருக்கும், தாடி இருக்கற முகத்துலயும் பல்லு இல்லாத கன்னத்துலயும் நடக்காது.

அடுத்து, மாஸ்க்க பிடுங்கிப் போடற பேஷன்ட். ஆக்ஸிஜன் கொறஞ்சு மூள கலங்கிப் போயிருக்கறவர, நாலு பேர் புடிச்சுகிட்டு மாஸ்க்க அமுக்கறது எங்களுக்கும் கொடும, அவருக்கும் கொடும. கெட்டமினங்கற மயக்க மருந்த மெதுவாக் குடுத்து, மூச்சு நிக்காம அவர அமைதிப்படுத்தி, மூணு நிமிஷம் நல்லா ஆக்ஸிஜன் ஏத்திட்டு அதுக்கப்புறம் தசை தளர்த்தற மருந்து போடற முறை இருக்கு. டிலேய்ட் சீக்வென்ஸ்னு சொல்றாங்க. 2015ல வந்த வைன்கார்ட்டோட ஆய்வுல 62 பேருக்கு சராசரி சாச்சுரேஷன் 89.9ல இருந்து 98.8க்கு ஏறுச்சு. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப் இல்லாத சின்ன ஆய்வுதான், கெட்டமின்லயே மூச்சு நின்னு போறதும் நடக்கலாம், அதனால ட்யூப் போட எல்லாம் ரெடியா வச்சுகிட்டுதான் பண்ணணும். ஆனா புடிச்சு அமுக்கறதுக்கு மாத்து ஒண்ணு இருக்குங்கறதாவது செக்லிஸ்ட்ல இருக்கட்டும்.

மெஷின் எங்க இருக்குங்கறதுதான் உண்மைல பெரிய பிரச்சின. "பைபேப் கொண்டு வா"ன்னதும் ஒருத்தர் ஸ்டோருக்கு ஓடறாரு, மெஷின் கிடைக்குது சர்க்யூட் இல்ல, சர்க்யூட் கிடைக்குது மாஸ்க் சைஸ் பெருசு. அதுக்குள்ள பேஷன்ட் தாங்கல, "சரி விடு, மருந்து போடு". இதுக்கு வழி ரொம்ப சிம்பிள் சார். ட்யூப் போட்டதுக்கு அப்புறம் எப்படியும் வென்டிலேட்டர் வேணும். அதே வென்டிலேட்டர பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்து என்ஐவி மோட்ல போட்டா தனியா பைபேப் மெஷினே தேவையில்ல. ட்யூப் போனதும் மாஸ்க்க கழட்டிட்டு அதே சர்க்யூட்ட ட்யூப்ல மாட்டலாம், மோட மட்டும் மாத்தினா போதும்.

இதுல ஒரு விஷயத்த மட்டும் தயவு செஞ்சு பர்ச்சேஸ் பாக்கறவங்க காதுல போடுங்க. மாஸ்க்ல ரெண்டு வகை, ஓட்ட உள்ளது, ஓட்ட இல்லாதது. ரெண்டு ட்யூப் போற ஐசியூ வென்டிலேட்டருக்கு ஓட்ட இல்லாத மாஸ்க்தான் வேணும், இல்லன்னா காத்து வெளிய போய்கிட்டே இருக்கும், அலாரம் அடிச்சுகிட்டே இருக்கும். ஒத்த ட்யூப் பைபேப்ல ஓட்ட இல்லாத மாஸ்க்க மாட்டி, சர்க்யூட்லயும் காத்து வெளிய போற வழி இல்லன்னா, பேஷன்ட் விட்ட மூச்சயே திரும்ப இழுப்பாரு, அது ஆபத்து. அவசரத்துல இத யோசிக்க முடியாது, அதனால அந்தந்த மெஷின் பக்கத்துல அதுக்கேத்த மாஸ்க்க, சின்னது, நடுத்தரம், பெருசுன்னு ஒண்ணு ஒண்ணா கட்டித் தொங்க விடுங்க. மாஸ்க்க எடுக்கறதுக்கு முன்னாடி வென்டிலேட்டர ஸ்டாண்ட்பைல போடறது யாரு வேலைங்கறதயும் எழுதுங்க, இல்லன்னா காத்தும் எச்சிலும் எல்லார் முகத்துலயும் அடிக்கும், அலாரம் கத்தற கத்தல்ல சாச்சுரேஷன் சொல்றது யாருக்கும் கேக்காது.

மாஸ்க்குக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவுல கேப்னோகிராஃப (வெளிய விடற மூச்சுல கார்பன் டை ஆக்ஸைட அளந்து அலையா காட்டற கருவி) முன்னாடியே மாட்டிடுங்க. பெட்டி மாதிரி நல்ல அலை வந்தா மாஸ்க் ஒட்டிருக்குன்னு பெருமளவு நம்பலாம், நோஞ்சானா வந்தா எங்கயோ ஒழுகுது. ட்யூப் போனதும் அதே சென்சார் ட்யூப் சரியான எடத்துலதான் இருக்கானு சொல்லிடும். பிரிட்டன்ல 2011ல வந்த நேப்4 அறிக்கை ஐசியூ மூச்சுக்குழாய் விபத்துகள அலசிட்டு, கேப்னோகிராஃப் இல்லாததும் ஒரு முக்கியக் காரணம்னு தெளிவாவே சொல்லுச்சு.

சாச்சுரேஷன் நம்பரயும் முழுசா நம்பாதீங்க. விரல் ப்ரோப் காட்டறது கொஞ்சம் முன்னாடி நடந்தது, ஷாக்ல கை ஜில்லுன்னு இருக்கற பேஷன்ட்டுக்கு அந்தத் தாமதம் ஒரு நிமிஷத்துக்கு மேலயும் போகலாம். 90னு காட்டறப்ப உள்ள 80 ஆயிருக்கலாம். கறுப்புத் தோல்ல ஆக்சிமீட்டர் உண்மைய விட அதிகமா காட்ட வாய்ப்பு உண்டுன்னு 2020ல அமெரிக்கால இருந்து வந்த கட்டுரை காட்டுச்சு, நிஜமாவே ஆக்ஸிஜன் கொறஞ்சிருந்தும் மீட்டர் நல்லாருக்குன்னு சொன்னது வெள்ளக்காரங்கள்ல 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்ல 11.7. அதனால 93க்கு எறங்கினதுக்கப்புறமும் இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணலாமான்னு இழுக்கற வேலய விட்டுட்டு, 90 நெருங்கறப்பவே வெளிய வந்து மாஸ்க்ல மூச்சு குடுங்கன்னு எல்லையும் போட்டுடுங்க.

பிபி விஷயத்துல நான் சொல்றத விட உங்களுக்கு அதிகம் தெரியும். 29 நாட்டுல 2964 பேர வச்சு 2021ல வந்த இன்ட்யூப் ஆய்வுல, 45.2 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெரிய சிக்கல், அதுல முக்கால்வாசிக்கும் மேல பிபி சம்பந்தப்பட்டது. பாசிட்டிவ் ப்ரஷர் ஏற்கனவே காஞ்சு கிடக்கற பேஷன்ட்டோட பிபிய இன்னும் இழுக்கும், அதனால பிபிய ஏத்தற நார்அட்ரினலின் ஓடற மாதிரி ரெடி பண்ணிட்டு மாட்டுங்க. தலைமாட்ட 20, 30 டிகிரி தூக்கி வையுங்க, அதுக்கு காசும் இல்ல மெஷினும் வேண்டாம்.

கடைசியா, புது செக்லிஸ்ட் போடறப்ப அந்த டிக் கட்டத்த எடுத்துட்டு நாலு காலி எடம் விடுங்க. எதுல குடுத்தோம், எத்தன நிமிஷம், மருந்து போடறப்ப சாச்சுரேஷன் எவ்ளோ, அதுக்கப்புறம் ட்யூப் போட்டு ரெண்டு நிமிஷம் வரைக்கும் போன கீழ்மட்டம் எவ்ளோ. நாலாவது எண்ண எழுத யாருக்கும் பிடிக்காது, எனக்குத் தெரியும், ஆனா அத எழுதற பொறுப்ப ட்யூப் போடறவர்கிட்ட குடுக்காம மானிட்டர பாத்துகிட்டு நிக்கற நர்ஸ்கிட்ட குடுங்க, நாங்க எழுதிடுவோம். மூணு மாசம் சேந்ததும் மாஸ்க்ல எவ்ளோ, என்ஐவில எவ்ளோனு உங்க மீட்டிங்ல போட்டுப் பாருங்க, அந்த மீட்டிங்குக்கு எங்கள்ல ஒருத்தரயும் கூப்பிடுங்க.

இப்படிக்கு,
ஒரு ஐசியூ நர்ஸ்